பழைய செருப்போடு போங்கள்

அல்லைப்பிட்டிப் பரவைக்கடலில் வலையிழுத்துவிட்டுக் கரையேறுகிறவருக்குச் சிப்பி கீறியது தெரியாது. வீட்டுப் படியில் இரத்தக்கறையைக் கண்டு மனைவி கேட்கும்போதுதான் காலைத் தூக்கிப் பார்ப்பார். சீனி வருத்தம் பல வருசமாக இருக்கும் வீடுகளில் இது புதினமில்லை.

நோ தெரியாத காலில் அழுத்தமே ஆபத்து. கொல்லிமலையில் பிறந்து 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த மருத்துவர் போல் பிராண்ட், தொழுநோயாளரின் பாதங்களில் இதைக் கண்டார். வலி தெரியாததால் ஒரே இடத்தில் ஊன்றி ஊன்றி நடந்தே அவர்கள் பாதம் புண்ணானது. சீனி வருத்தக்காரரின் காலுக்கும் அதே கணக்குத்தான்.

அந்த அழுத்தத்தை அளக்கும் பாத அழுத்தப் பரிசோதனையில் உணரிகள் பதித்த தட்டின்மேல் வெறுங்காலோடு நடக்கவேண்டும். பாரம் கூட விழும் இடம் கணினியில் பெரும்பாலும் சிவப்பாகத் தெரியும். நோவில்லை. பட்டினியும் வேண்டாம், குளிசையை வழமைபோலப் போடுங்கள்.

நாங்கள் விடும் பிழை வேறு. முதல்நாள் இரவே கால் ஆணியைப் பிளேட்டால் சீவி, எண்ணெய் பூசி, பெட்டிக்குள் கிடந்த புதுச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவோம். கலியாணவீட்டுக்கா போகிறோம்? தோல் தடித்த இடம்தான் பாரம் விழும் இடம். பார்க்கவேண்டியதையே சீவி எறிந்துவிட்டுப் போகிறோம். பிளேட் வெட்டினால் புண்ணும் மிச்சம். தேய்ந்த செருப்பைப் பையில் போடுங்கள். ஒருபக்கம் கரைந்த குதியே பாதி அறிக்கை. கிளினிக் கொப்பியும் ஊன்றுகோலும் கூடவே போகட்டும். தட்டைக் குனிந்து பார்த்து அடிவைத்தால் நடை மாறிவிடும். நேரே பார்த்து, சந்திக்கு நடப்பதுபோல நடவுங்கள். ஆறாத புண் இருந்தால் தட்டில் ஏறமுன் சொல்லுங்கள், முதலில் பார்க்கவேண்டியது அதைத்தான்.

கணினியில் தெரியும் அழுத்தப் படம் நரம்பையோ இரத்தோட்டத்தையோ காட்டாது. உணர்வை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். வருத்தக்காரரைக் கண்ணை மூடச் சொல்லி, இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளை ஓரிரு நொடி மெல்லத் தொடுங்கள், அழுத்தவேண்டாம். ஆறில் இரண்டு தெரியாவிட்டால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். அரச ஆஸ்பத்திரியில் காலைக் காட்டக் காசில்லை.

தனியாரிடம் போனால் கட்டணத்தை முன்கூட்டியே கேளுங்கள். சிவப்புப் படத்தைக் காட்டி அங்கேயே விலைகூடிய சப்பாத்து விற்றால், அதைப் போட்டு மறுபடி அளந்து காட்டச் சொல்லுங்கள். அழுத்தம் குறையாவிட்டால் அது உங்களுக்கு எதற்கு? அறிக்கைப் பிரதியும் பற்றுச்சீட்டும் கையில் இருக்கட்டும். ஏமாற்றப்பட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம். தொலைபேசி 1977.

காலைக் காப்பது பரிசோதனையோடு முடிவதில்லை. நயினாதீவு அம்மன் திருவிழாவில் சுடுமணலில் செருப்போடு நிற்கமாட்டோம், தெரிந்ததுதான். விடியற்பூசைக்குப் போய் மணல் காயமுன் திரும்புங்கள். வந்ததும் முகம்பார்க்கும் கண்ணாடியை நிலத்தில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள்.