மிஸ்ஸிங் அடிக்கும் வண்டியும் எக்ஸ்டெண்டட் வாரண்டியும்: பிரிக்கும் முன் எழுதி வாங்குங்கள்

சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் லேசாகத் துடிக்கிறது. மேம்பாலம் ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வண்டி இழுக்காமல் ஜெர்க் அடிக்கிறது. டாஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் இன்ஜின் படம் எரிகிறது. தெருமுனை மெக்கானிக் பானட்டைத் திறக்காமல், சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்: “மிஸ்ஸிங் அடிக்குதுங்க.” ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. நான்கு பேர் தூக்கும் சப்பரத்தில் ஒருவர் மட்டும் தோள் கொடுக்காமல் கூடவே நடந்தால் எப்படியோ அப்படி. சப்பரம் நகரும், ஆனால் ஆடிக்கொண்டே நகரும்.

வாரண்டியை நீட்டித்து வாங்கியவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு நிம்மதி வருகிறது. “அதான் வாரண்டி இருக்கே!” அந்த நிம்மதி பெரும்பாலும் சர்வீஸ் சென்டர் வாசல் வரைதான். உள்ளே போனால், செலவு யாருடையது என்பதை மிஸ்ஸிங் முடிவு செய்வதில்லை, அது ஏன் வந்தது என்பதே முடிவு செய்கிறது. ஸ்பார்க் பிளக் தேய்ந்திருந்தால் உங்கள் பணம். இக்னிஷன் காயில் தானாகச் செத்திருந்தால் பொதுவாக அவர்கள் பணம். இன்ஜெக்டர் அடைத்திருந்தால் வாக்குவாதம். மழைத் தண்ணீரை இன்ஜின் உறிஞ்சியிருந்தால் வாரண்டிக்கு அதில் வேலையே இல்லை. இன்சூரன்ஸில் இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவை எடுத்திருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வண்டியைத் தண்ணீரில் விட்ட சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே காரணத்தை யார் கண்டுபிடிக்கிறார்கள், எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், எங்கே எழுதுகிறார்கள் என்பதில்தான் உங்கள் கிளெய்ம் இருக்கிறது.

முதலில் அந்த இன்ஜின் விளக்கைப் பாருங்கள். நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிக்கொண்டு சர்வீஸ் சென்டர் போகலாம். விட்டு விட்டு மின்னினால், பெரும்பாலான கார்களில் அதற்கு அர்த்தம் வேறு: எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரிகிறது, அது அளவுக்கு மீறிச் சூடாகிறது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய பாகம் அது, விலை அதற்கேற்ப இருக்கும். மின்னும் விளக்கோடு ஊர் போய்ச் சேர்ந்தால், காயிலுக்கு வாரண்டி தருகிறவர்கள் கன்வெர்ட்டருக்கு மறுத்துவிடலாம். “விளக்கு எரிந்தும் ஓட்டியது உங்கள் தவறு” என்ற பதில் தயாராக இருக்கும், அதில் நியாயமும் கொஞ்சம் உண்டு. ஓரம் கட்டி, ரோட்சைடு அசிஸ்டன்ஸைக் கூப்பிட்டு, டோ செய்த ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஸ்கேன். வண்டியின் கம்ப்யூட்டர் கோளாறை எண்ணாகக் குறித்துவைக்கிறது, அதைத்தான் ‘கோடு’ (code) என்பார்கள். பி0300 என்றால் எந்தச் சிலிண்டர் என்று சொல்ல முடியாத மிஸ்ஸிங். பி0301 முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, இப்படியே போகும். கோளாறு பதிவான நொடியில் வண்டியின் வேகம், இன்ஜின் சுற்று, சூடு எவ்வளவு என்பதும் கூடவே பதிவாகும். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலோ, யாராவது ‘எரர் அழிச்சிட்டேன் சார்’ என்று உதவி செய்தாலோ இவை போய்விடும். அழிக்கும் முன் ஸ்கேனர் திரையைப் போட்டோ எடுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் ஓபிடி கருவியாலும் இதைப் படிக்கலாம். இந்தக் கோடு எண்ணைப் படிப்பதால் வண்டிக்கு ஒன்றும் ஆகாது.

கோடு என்பது தீர்ப்பு இல்லை. இரண்டாவது சிலிண்டரில் கோளாறு என்று மட்டும் அது சொல்லும், காயிலா பிளக்கா இன்ஜெக்டரா என்று சொல்லாது. நல்ல மெக்கானிக் செய்கிற வேலை எளிமையானது: இரண்டாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போடுவார், மூன்றாவதில் இருந்ததை இரண்டாவதில் போடுவார். திரும்ப ஓட்டும்போது பி0303 வந்தால் காயில்தான் குற்றவாளி, கோளாறு அதோடு கூடவே இடம் மாறிவிட்டது. பி0302 அப்படியே இருந்தால் காயில் தப்பித்தது, அடுத்தது பிளக், பிறகு இன்ஜெக்டர். ஒரு மணி நேர வேலைகூட இல்லை. இதைச் செய்யாமலே நான்கு பிளக், நான்கு காயில், இன்ஜெக்டர் கிளீனிங் என்று எஸ்டிமேட் நீட்டினால் கையெழுத்துப் போட அவசரப்படாதீர்கள்.

கழற்றிய பிளக்கைக் கையில் வாங்கிப் பாருங்கள். முனை இளம்பழுப்பாக இருந்தால் அந்தச் சிலிண்டர் ஒழுங்காக எரிந்திருக்கிறது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது தீப்பொறி பலவீனம். எண்ணெயில் நனைந்திருந்தால் இன்ஜின் ஆயில் எங்கிருந்தோ உள்ளே வருகிறது, அது பெரிய வேலையின் அறிகுறியாக இருக்கலாம். சாதாரண பிளக் 40,000 கிலோமீட்டர் அளவுக்கு வரும், இரிடியம் பிளக் லட்சத்தை ஒட்டி வரும். உங்கள் வண்டிக்குச் சரியான கணக்கு கையேட்டில் இருக்கிறது. இந்தக் கணக்கு முக்கியம். பிளக் தேயத் தேய அதன் இடைவெளி கூடும், தீப்பொறி தாண்ட அதிக மின்னழுத்தம் வேண்டும், அந்தச் சுமை காயிலின் தலையில் விழும். காலம் கடந்த பிளக்கோடு காயில் கிளெய்ம் கேட்டால், பராமரிப்புக் குறை என்று தட்டிக்கழிக்க அவர்களுக்கு வழி கிடைக்கும்.

மிஞ்சியது கம்ப்ரஷன். பிளக் இருந்த துளையில் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளப்பார்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிகக் குறைவாக இருந்தால், துளை வழியே கொஞ்சம் ஆயில் விட்டுத் திரும்ப அளப்பார்கள். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங் பக்கம் சந்தேகம், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். நான்கு எண்களையும் ஜாப் கார்டில், அதாவது சர்வீஸ் சென்டர் புகாரையும் வேலையையும் பதியும் தாளில், எழுதச் சொல்லுங்கள். பெரிய கிளெய்ம்கள் முட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். “இன்ஜினைப் பிரிச்சாத்தான் தெரியும் சார், பிரிக்கிற கூலியைக் கட்டிடுங்க, கிளெய்ம் ஆச்சுன்னா திருப்பித் தந்துடுவோம்” என்பார் சர்வீஸ் அட்வைசர். பொய் என்று சொல்ல வரவில்லை. ஆனால் கிளெய்ம் ஆகாவிட்டால்? பிரித்த இன்ஜின் அவர்கள் ஷெட்டில், பேரம் அவர்கள் கையில். பிரிக்கும் முன் வாரண்டி தரும் நிறுவனத்தின் ஒப்புதல் வந்துவிட்டதா, மறுத்தால் பிரித்துக் கோக்கும் கூலி யாருடையது, இரண்டையும் மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜாப் கார்டு என்றேன். ‘இன்ஜின் சத்தம், செக் செய்யவும்’ என்று எழுதினால் அது உங்களுக்கு உதவாது. ‘காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஜெர்க், ஏற்றத்தில் பிக்கப் இல்லை, இன்ஜின் விளக்கு இன்ன தேதியிலிருந்து எரிகிறது, கோடு பி0302’ என்று எழுத வையுங்கள். வாரண்டி காலம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது புகார் பதிவாகியிருந்தால், பழுது பார்ப்பது பிறகு இழுத்தாலும் உங்கள் பக்கம் வாதம் இருக்கும். மாற்றிய பழைய பாகத்தை வாரண்டி வேலைகளில் பெரும்பாலும் நிறுவனமே எடுத்துக்கொள்ளும். போட்டோவாவது வேண்டும்.

மறுக்கும்போது அதிகம் சொல்லப்படும் காரணம் கலப்பட பெட்ரோல். சொல்வது எளிது. எந்தப் பரிசோதனையில் தெரிந்தது, அறிக்கை எங்கே என்று கேளுங்கள். டேங்கிலிருந்து எடுக்கும் மாதிரியை உங்கள் முன்னால் சீல் வைக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் பங்கில் ஃபில்டர் பேப்பர் சோதனை கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு, பில்லை எடுத்து வைக்கும் பழக்கமும் இங்கே கைகொடுக்கும். எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்தான் காரணம் என்றால், கையேடு என்ன எரிபொருள் சொல்கிறது என்று பாருங்கள்.

இன்னொரு காரணம், “வெளியில் சர்வீஸ் செய்திருக்கிறீர்கள்.” எக்ஸ்டெண்டட் வாரண்டி ஒப்பந்தங்களில் அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் காலத்தோடு சர்வீஸ் என்ற நிபந்தனை இருக்கும், அதைக் கடைப்பிடிப்பதே நல்லது. ஆனால் வெளியே வைப்பர் மாற்றியதற்காக இன்ஜின் வாரண்டியே போச்சு என்பது வேறு கதை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்த உத்தரவில், வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி ரத்து என்று மொத்தமாக நிபந்தனை போடக் கூடாது, அந்த வேலையால் உண்டான சேதம் அளவுக்கே மறுக்கலாம் என்றது. அபராதம் மேல்முறையீடுகளில் நீண்டுகொண்டே போனாலும், கடிதம் எழுதும்போது இதைச் சுட்டிக்காட்டலாம்.

மறுப்பை வாயால் ஏற்காதீர்கள். ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். உங்களுக்கு வாரண்டி தந்தது கார் நிறுவனமா, டீலரா, மூன்றாவது ஒரு நிறுவனமா என்பதையும் அந்த ஒப்பந்தத்தில் பாருங்கள். பலர் இதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். வண்டி இல்லாமல் பிழைப்பு ஓடாது என்றால் பணம் கட்டி எடுக்கலாம், ஆனால் ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன், கிளெய்ம் உரிமையை விட்டுத் தரவில்லை’ என்று பில்லில் எழுதிக் கையெழுத்திடுங்கள். திருப்தி என்று அச்சிட்ட தாளில் மட்டும் கையெழுத்து வேண்டாம்.

பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, ஆன்லைனிலும், வக்கீல் இல்லாமலும் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். டீலர், தயாரிப்பு நிறுவனம், வாரண்டி தந்தவர் மூவரையும் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் அவரைக் கை காட்டுவார். சொந்தப் பிழைப்புக்காகத் தானே டாக்ஸி ஓட்டுபவரும் இந்தச் சட்டத்தில் நுகர்வோர்தான்.

புதுக் கார் கேட்டு வழக்குப் போடுவோர் உண்டு. வாரண்டி என்பது பழுதான பாகத்தை மாற்றித் தரும் கடமை, காரையே மாற்றித் தருவது அல்ல என்று 2006இல் உச்ச நீதிமன்றம் ஒரு கிளட்ச் வழக்கில் சொன்னது. பாகம், கூலி, வண்டி நின்ற நாட்களுக்கான இழப்பு, மன உளைச்சல் என்று கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். வாரண்டி முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தால் வழக்குக்கு முன் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு ‘குட்வில்’ உதவி கேட்டு எழுதிப் பாருங்கள். சர்வீஸ் பில்கள் எல்லாம் வரிசையாக இருக்கும் வண்டிக்கு, பாகத்தின் விலையில் ஒரு பங்கை நிறுவனம் ஏற்பது நடக்கிற காரியம்தான். கேட்காதவருக்கு அதை யாரும் சொல்வதில்லை.