கறுப்புக் கண்ணாடிக்குள் வானவில்

மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் கிடைக்கும் ஒருவகை எரிமலைக் கண்ணாடி, நிழலில் வெறும் கறுப்புக் கல்லாகத்தான் தெரியும். அதையே மெருகேற்றி வெயிலில் சாய்த்துப் பிடித்தால் பச்சை, ஊதா, பொன், இளஞ்சிவப்பு என நிறங்கள் பட்டை பட்டையாக எழும். இதை வானவில் அப்சிடியன் என்கிறார்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கிளாஸ் பியூட்ஸ் குன்றுகளில் கிடைக்கும் இன்னொரு வகை இதைவிடப் பளீரென்று ஒளிரும். அதன் பெயர் நெருப்பு அப்சிடியன். இந்த நிறங்களுக்கு எந்தச் சாயமும் காரணமல்ல. எந்த நிறம் தெரிய வேண்டும் என்பதைக் கல்லுக்குள் இருக்கும் மெல்லிய அடுக்குகளின் தடிமன் முடிவுசெய்கிறது.

இந்த அடுக்குகள் உருவாகும் விதத்தைச் சர்க்கரைப் பாகைக் கொண்டே விளக்கிவிடலாம். பாகில் நூலைத் தொங்கவிட்டு நாள்கணக்கில் விட்டுவைத்தால், மூலக்கூறுகள் நிதானமாக வரிசை கட்டிக் கற்கண்டாக வளரும். அதே பாகை இன்னும் கெட்டியாகக் காய்ச்சிச் சட்டென்று ஆறவைத்தால் வரிசை கட்ட அவகாசம் இல்லாமல் கண்ணாடி போல இறுகிவிடும். எரிமலைக் குழம்பும் அப்படித்தான். பூமிக்கடியில் மெல்ல ஆறினால் கருங்கல். மேலே வழிந்து விரைவில் ஆறினால் அப்சிடியன். இந்தக் குழம்பில் ஏறக்குறைய நூற்றுக்கு எழுபது பங்கு சிலிக்கா இருப்பதால் ஓட்டம் மிக மந்தம். சவ்வு மிட்டாயை இழுக்க இழுக்க அதிலுள்ள வண்ணக் கோடுகள் மெலிந்து, இழுத்த திசையிலேயே படிவதுபோல, மெல்ல நகரும் குழம்பிலும் உள்ளே இருப்பதெல்லாம் நீண்டு, அடுக்கடுக்காகப் படிகிறது. சில அடுக்குகளில் மட்டும் பாகு மணல் தட்டுவதுபோல நுண்படிகங்கள் முளைக்கின்றன. அவை பெரிதாகும் முன்பே மொத்தமும் இறுகிவிடுகிறது.

அந்தப் படிகங்களை எலெக்ட்ரான் நுண்ணோக்கியால்தான் காண முடியும். ஹலிஸ்கோ கல்லில் இருப்பவை, இரும்பும் கால்சியமும் சேர்ந்த ஹெடன்பெர்கைட் கனிமத்தின் நுண்ணிய குச்சிகள். கிளாஸ் பியூட்ஸ் கல்லில் இருப்பவை மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடின் துகள்கள். சீ மா, ஜார்ஜ் ராஸ்மன் முதலிய ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வின்படி, மேக்னடைட் அடுக்கின் தடிமன் ஏறத்தாழ 300 முதல் 700 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு.

ஒளியின் அலைநீளத்தை விடத் துகள்கள் மிகச் சிறியவை என்பதால், ஒளி அவற்றைத் தனித்தனியாக உணர்வதில்லை. துகளும் கண்ணாடியும் கலந்த அந்த அடுக்கு முழுவதும் ஒரே பொருள்போல நடந்துகொள்கிறது. மேக்னடைட்டின் ஒளிவிலகல் எண் கண்ணாடியினுடையதை விட மிக அதிகம். ஆகவே அந்தக் கலவை அடுக்கின் விலகல் எண்ணும் சுற்றியுள்ள கண்ணாடியை விடக் கூடுகிறது. அடுக்கின் மேற்பரப்பில் ஒளியின் ஒரு பகுதி திரும்புகிறது. அடிப்பரப்பில் இன்னொரு பகுதி திரும்புகிறது. இரண்டாவது கற்றை அடுக்கைக் கடந்து போய் மீண்டு வருவதால் பின்தங்கிவிடுகிறது. இரண்டும் சேரும்போது, முகட்டோடு முகடு பொருந்தும் நிறம் பிரகாசிக்கிறது. முகட்டோடு பள்ளம் மோதும் நிறம் மங்குகிறது. பொருந்தும் நிறம் எது என்பது தடிமனைப் பொறுத்தது. சில பத்து நானோமீட்டர் மாறினாலே பச்சை வேறு நிறமாகிவிடும். கல்லைச் சாய்த்தால் இரு கற்றைகளுக்கும் இடையிலான பாதை வேறுபாடு குறைந்து, நிறம் நீலப் பக்கம் நகரும். மழைநீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தில் நிறம் தோன்றுவதும் இதே குறுக்கீட்டு விளைவால்தான்.

பொன், வெள்ளி நிறத்தில் மினுங்கும் அப்சிடியன் வேறு வகை. அதில் குழம்பின் ஓட்டத்தில் நசுங்கித் தட்டையான நுண்குமிழிகள் ஒளியைத் திருப்புகின்றன. அதனால் வானவில் வரிசை இல்லாமல் ஒரே சாயலில் மினுமினுப்புத் தெரியும்.

கல் அறுப்பவரின் திறமையும் அடுக்கைச் சார்ந்ததே. அடுக்குக்கு இணையாக அறுத்தால்தான் நிறம் முழுமையாகத் தெரியும். குறுக்கே அறுத்தால் கறுப்பே மிஞ்சும். குவிந்த வடிவில் செதுக்கினால், சமதளமாகப் படிந்த அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்களாகக் காட்சி தரும். மெக்சிகோவில் இதய வடிவத்தில் செதுக்குவது இதற்காகத்தான். நெருப்பு அப்சிடியனில் சற்று அதிகமாகத் தேய்த்துவிட்டால் நிறம் தந்த அடுக்கே போய்விடும்.

மெக்சிகோவில் அப்சிடியனின் பயன்பாடு மிகப் பழையது. அஸ்டெக் மக்கள் அதில் கத்தியும் முகம் பார்க்கும் கண்ணாடியும் செய்தார்கள். இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் காலத்து அறிஞர் ஜான் டீ வைத்திருந்ததாகச் சொல்லப்படும் கறுப்புக் கண்ணாடி, மெக்சிகோவின் பச்சூக்காவிலிருந்து வந்த கல் என்பதை 2021-ல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது.

இந்தக் கல் தீய சக்தியை விரட்டும், மனக்காயத்தை ஆற்றும் என்று சொல்லி விற்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. உலோக ஆவியைப் பூசி வண்ணமேற்றிய கற்களும் சந்தையில் உண்டு. பூச்சின் நிறம் மேற்பரப்பில் எல்லாப் பக்கமும் ஒட்டியிருக்கும். உண்மையான கல்லின் நிறம் உள்ளிருந்து, சில கோணங்களில் மட்டும், பட்டைகளாக வரும். கடினத்தன்மை மோஸ் அளவில் 5 முதல் 5.5 வரைதான் என்பதால் மணல் பட்டாலே கீறல் விழும். திடீர் வெப்ப மாற்றத்தில் விரிசல் விடும். நகையாக அணிபவர் இதைக் கண்ணாடியாகவே நினைத்துப் பேண வேண்டும்.