கழுத்தில் ஒரு மரு

தாலிச் சரட்டைச் சரிசெய்யும்போது கழுத்தில் ஏதோ மெத்தென்று விரலில் தட்டுப்படுகிறதா? மிளகளவில், அதைவிடவும் சிறியதாக, ஒரு காம்பில் தொங்குகிறதா? பயப்படாதீர்கள். அது வெறும் மரு. கழுத்து, அக்குள், மார்பின் கீழ் என்று சருமம் உராயும் இடங்களிலும் கண்ணிமையிலும் நடு வயதில் அநேகம் பேருக்கு உண்டாவதுதான். கர்ப்ப காலத்திலும் தோன்றும். எடுத்தே தீரவேண்டும் என்ற அவசியம் இல்லை.

ஆனால் சங்கிலி உரசுகிறது, ரவிக்கை விளிம்பு படுகிறது, பார்ப்பவர்கள் வேறு கேட்கிறார்கள். எடுத்துவிட்டால் என்ன என்று தோன்றுவது இயல்புதானே! உடனே பாட்டி வைத்தியம் வந்து நிற்கும். வைத்தீசுவரன் கோயிலுக்கு உப்பும் மிளகும் நேர்ந்துகொள்ளச் சொன்னால் நேர்ந்துகொள்ளுங்கள், கெடுதல் ஒன்றுமில்லை. குதிரை மயிரால் இறுக்கிக் கட்டுவதும், சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து வைப்பதும்தான் வம்பு. இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் நின்று மரு வாடி உதிரும் என்பது மெய்யே. நடுவில் வீங்கிச் சீழ் வைத்தால்? சுண்ணாம்பும் சோடாவும் சேர்ந்தால் தோலை அரிக்கும் கடுங்காரம். சுற்றியுள்ள நல்ல தோலையும் வேகவைத்துவிடும். மரு போய், அதைவிடப் பெரிய தழும்பு வந்து உட்காரும்!

மேலும், தோலில் முளைப்பதெல்லாம் இந்த மரு அல்ல. விரல்களில் சொரசொரப்பாகக் கிளம்புவது வைரஸ் கிருமியால் வருவது, கிள்ளினால் பரவும். மச்சம் முற்றிலும் வேறு சங்கதி. மச்சம் வளர்ந்தாலோ, நிறம் மாறினாலோ, ஓரம் கோணலானாலோ, இரத்தம் கசிந்தாலோ, சுண்ணாம்பு அதன் பக்கமே போகக் கூடாது. தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். தோலில் வரும் ஒருவகைப் புற்று அப்படித்தான் ஆரம்பிக்கிறது.

மருவை எடுப்பது தோல் டாக்டருக்குச் சில நிமிஷ வேலை. மரத்துப்போகச் செய்து கத்தரியால் நறுக்குவார்; அல்லது மின்சாரத்தால் சுடுவார்; அல்லது பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி குளிர்ந்த நைட்ரஜன் திரவத்தைத் தொட்டு உறையவைப்பார். நம்மைப் போன்ற மாநிறத்தாருக்குச் சுட்ட இடம் கறுத்தும், உறையவைத்த இடம் வெளுத்தும் தெரியலாம். ஆகையால் வீட்டுக் கல்யாணத்துக்கு முந்தின வாரம் போய் நிற்காதீர்கள்! கண்ணிமை மருவானால் கண் டாக்டரே நல்லது.

திடீரென்று நிறைய மருக்கள் கிளம்பி, பிடரியும் அழுக்கேறினாற்போல் கறுத்துவிட்டதா? பயத்தமாவு போட்டுத் தேய்த்துப் பயனில்லை. சர்க்கரை வியாதி வரப்போவதற்கு அது முன்னறிவிப்பாக இருக்கக்கூடும். மருவைக் காட்டப் போகிற அன்றே, காலையில் காப்பி குடிக்காமல் போய், இரத்தத்தில் சர்க்கரையையும் பார்த்துக்கொண்டு வந்துவிடுங்கள்.