ஓடித் தேயவில்லை... சும்மா கிடந்தே செத்தது! கிணற்றடி என்ஜினைத் தின்னும் துரு

கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. வயலில் பயிர் வாடுகிறது. கரண்டு மட்டும் இல்லை.

"அதனாலே என்ன? அப்பா காலத்து ஆயில் என்ஜின் ரூமிலே கிடக்கே. எடுத்துச் சுத்து!" என்று ஓடுவார்கள்.

ஹேண்டிலை மாட்டிச் சுற்றினால்... அசையாது! இரண்டு பேர் சேர்ந்து தொங்கினாலும் அசையாது!

நிறுத்தும்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்த என்ஜின்தான். அதன்பிறகு யாரும் அதைத் தொடவில்லை. தொடாமல் விட்டதுதான் அதற்கு வந்த வினை!

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு இது புதுக்கதை அல்ல.

மூலைக்குப் போனது

ஒரு காலத்தில் கிணற்றடிக்குக் கிணற்றடி 'டுப்... டுப்...' சத்தம் கேட்கும். 1990-ல் தமிழ்நாட்டில் விவசாய பம்ப் செட்டுகளுக்கு மின்சாரம் இலவசமானது. மின் மோட்டார் வந்த தோட்டங்களில் ஆயில் என்ஜின் மூலைக்குப் போனது. "ஆத்திர அவசரத்துக்கு ஆகும்" என்று விற்காமல் வைத்துக் கொண்டவர்கள் உண்டு.

ஆத்திர அவசரமும் வரத்தான் செய்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களைப் பெருமழை புரட்டிப் போட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. பல ஊர்களில் மின்சாரம் நின்றது. அப்படிப்பட்ட நாளில் கைகொடுக்க வேண்டியது பழைய என்ஜின்தான். அதுவே துருப்பிடித்துக் கிடந்தால்?

நூலுக்கு நல்லது, இரும்புக்கு ஆகாது

ராஜபாளையத்து மில் தொழிலாளர்களைக் கேட்டால் ஈரப்பதத்தின் அருமை தெரியும். காற்று காய்ந்துபோனால் நூல் அறும். அதனால் நூற்பு மில்லுக்குள் ஈரப்பதம் குறையாமல் பார்த்துக் கொள்கிறார்கள்.

இரும்புக்கு இது நேர் எதிர்! காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் மேல்பூச்சு இல்லாத இரும்பில் துரு வேகமாகப் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த அளவைத் தாண்டுவது சர்வசாதாரணம்.

"கூரைதான் ஒழுகலையே, அப்புறம் எப்படி?" என்று கேட்கலாம். ஐஸ் பெட்டியில் இருந்து எடுத்த சோடா பாட்டில் வெளியே வேர்க்கிறது அல்லவா? அதே கதைதான். ராத்திரி முழுக்கக் குளிர்ந்த கனமான இரும்பின் மேல் காலையில் ஈரக்காற்று பட்டால் அதுவும் வேர்க்கும். ஒரு சொட்டு மழை உள்ளே வராமலே என்ஜின் நனைந்துவிடும்!

உர மூட்டை எமன்

இன்னொரு வில்லன் பக்கத்திலேயே இருக்கிறான். மோட்டார் ரூமிலேயே உர மூட்டையை அடுக்குகிறோம். பொட்டாஷ் உரம் ஒரு வகை உப்பு. காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். அதன் தூசு இரும்பில் படிந்தால் துருவுக்குக் கொண்டாட்டம்!

நம் கை வியர்வையும் உப்புதான். பளபளக்கும் பேரிங்கை வெறுங்கையால் எடுத்து வைத்தால், கொஞ்ச நாளில் விரல் பதிந்த இடத்திலேயே துரு தெரியும்.

சாமான்களைச் செய்தித்தாளில் சுற்றி வைப்பதும் தப்பு. தாள் ஈரத்தை உறிஞ்சி, இரும்போடு ஒட்டியே வைத்திருக்கும். படித்து முடித்ததும் இந்தப் பேப்பரையும் அதற்குப் பயன்படுத்தாதீர்கள்! சாக்குக்கும் இதே கதிதான்.

ஏன் இறுகுகிறது?

துரு என்பது வெறும் அழுக்கு அல்ல. கரைந்துபோன இரும்பைப்போல் பல மடங்கு இடத்தை அது அடைக்கும். பிஸ்டன் ரிங்குக்கும் பள்ளத்துக்கும் நடுவே இருக்கும் இடுக்கு மயிரிழை அளவு. அங்கே துரு புகுந்து உப்பினால் ரிங்கு ஒட்டிக்கொள்ளும். பிஸ்டனும் லைனரும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

இந்த நிலையில் பலத்தைக் காட்டினால் ரிங்கு முறியும். அவசரம் கூடாது. நாசிலைக் கழற்றிவிட்டு, டீசலும் ஆயிலும் கலந்து சிலிண்டருக்குள் விட்டு நாலைந்து நாள் ஊற விடவேண்டும். பிறகுதான் மெதுவாக அசைத்துப் பார்க்கவேண்டும்.

எதைத் தேய்க்கலாம், எதைத் தேய்க்கக்கூடாது?

வெளிப்பக்கத்து வார்ப்பிரும்பு, பிளைவீல், ஸ்டாண்டு இவற்றைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து பெயிண்ட் அடித்தால் போதும்.

லைனரில் லேசான கறை என்றால் பட்டறையில் ஹோனிங் செய்து காப்பாற்றலாம். அம்மைத் தழும்பு போல் குழி விழுந்திருந்தால் தேய்த்து மறைக்க முடியாது. கிராங்க் ஷாஃப்டில் குழி என்றால் கிரைண்டிங் செய்து, அந்த அளவுக்குத் தகுந்த பேரிங் போடவேண்டும்.

பால் பேரிங்கில் குழி விழுந்தால் தயவு தாட்சண்யம் வேண்டாம். தூக்கி எறியுங்கள்! வால்வு ஸ்பிரிங்கும், கனெக்டிங் ராடு போல்ட்டும் அப்படியே. துரு விழுந்த சின்னக் குழியில்தான் விரிசல் ஆரம்பிக்கும். ஓடும்போது முறிந்தால் என்ஜினே போய்விடும்.

டீசல் பம்ப் எலிமெண்டை உப்புத்தாளால் தொடவே கூடாது. அதன் இரண்டு பாகங்களுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டால் அதில் சில பங்குதான்.

"ஆசிட்டிலே முக்கினா பளிச்சுன்னு ஆயிடும்" என்று யோசனை சொல்வார்கள். நம்பாதீர்கள்! அந்த ஆவி ரூமில் உள்ள மற்ற சாமான்களையும் துருப்பிடிக்க வைக்கும். கடினமான ஸ்பிரிங், போல்ட் உள்ளுக்குள் நொறுங்கும் தன்மை அடையும்.

"பெட்டியே பிரிக்கலை!"

உதிரி பாகக் கடைகளில் கேட்கும் பேச்சு இது:

"அண்ணாச்சி, பேரிங் புதுசுதானா?"

"பெட்டியே பிரிக்கலை தம்பி!"

பெட்டி பிரிக்காதது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உள்ளே பூசிய எண்ணெய்க்கும் ஆயுசு உண்டு. பல வருஷம் பரணில் கிடந்தால் அது காய்ந்துவிடும். அதனால் வாங்கும்போதே கடையில் வைத்துப் பிரித்து வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. உப்புத்தாள் தேய்த்த கீறல் தெரிந்தால் உஷார்!

கடைக்காரர்களும் முதலில் வந்த சரக்கை முதலில் விற்றுவிட்டால் வம்பில்லை. தரையில் வைக்காமல் பலகை மேல் வைக்கவேண்டும். கம்பெனி சுற்றிக் கொடுத்த எண்ணெய்த் தாளை வீணாகப் பிரிக்கக்கூடாது.

40-வது தடவை வெற்றி!

துருவோடு மல்லுக்கட்டுவது நாம் மட்டும் அல்ல. 1953-ல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் ஒரு சின்னக் கம்பெனி, ஈரத்தை விரட்டித் துருவைத் தடுக்கும் திரவம் தயாரிக்க முயன்றது. 39 தடவை தோல்வி. 40-வது தடவை வெற்றி! அதுதான் இன்று கடைகளில் கிடைக்கும் டபிள்யூ.டி.40. அட்லஸ் ராக்கெட்டின் வெளித்தகடு துருப்பிடிக்காமல் இருக்க முதலில் அதைத்தான் அடித்தார்கள்.

இறுகிய நட்டைக் கழற்ற அது கெட்டி. ஆனால் மாதக்கணக்கில் காக்க அந்த மெல்லிய பூச்சு போதாது. மண்ணெண்ணெயும் அப்படியே, கழுவ உதவும், காக்க உதவாது. கிரீஸ் அல்லது புது ஆயில்தான் காவல்.

ஒரு மணி நேர வேலை

என்ஜினை ஓரங்கட்டும் முன் செய்யவேண்டியது இவ்வளவுதான்:

பழைய ஆயிலை வடித்துப் புதிது ஊற்றுங்கள். ஓடிய ஆயிலில் புகையின் அமிலம் கலந்திருக்கும். நிறுத்திய பிறகும் அது இரும்பை அரிக்கும்.

குளிர்விக்கும் தண்ணீரைச் சொட்டுகூட இல்லாமல் வடித்துவிடுங்கள்.

நாசிலைக் கழற்றி சிலிண்டருக்குள் இரண்டு ஸ்பூன் ஆயில் விட்டு, பிளைவீலைக் கையால் சுற்றுங்கள். நாசிலை மாட்டி மறுபடி சுற்றினால் ஓரிடத்தில் இறுகும். அங்கேயே நிறுத்துங்கள். இரண்டு வால்வும் மூடியிருக்கும். ஈரக்காற்று உள்ளே போகாது.

சைலன்சர் வாயை மூடிக் கட்டுங்கள். மழை போவதும் எலி போவதும் அந்த வழியாகத்தான்.

உர மூட்டையை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

பிறகு மாதம் ஒரு நாள் கையால் சுற்றிவிட்டு, மறுபடி அந்த இறுக்கத்திலேயே நிறுத்தினால் போதும்.

ஆடிப்பூரத்தன்று ஓடும் ஆண்டாள் தேருக்கே சக்கரமும் அச்சும் முன்கூட்டிப் பார்த்துத்தான் வடம் பிடிக்கிறோம். என்றைக்கு ஓடவேண்டி வரும் என்றே தெரியாத என்ஜினை வருஷக்கணக்கில் எட்டிப் பார்க்காமல் இருக்கலாமா?

கரண்டு போகிற அன்றைக்குப் போய்த் தொங்கிப் பிரயோசனம் இல்லை. இன்றைக்கே ஒரு சுற்றுச் சுற்றி வையுங்கள்!