ஸ்பாஞ்சுக்குள் ஓர் உயிர்ப்படை

சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் தொட்டி வாங்குவோர் பலர், அன்றே மீனையும் வாங்கிவிடுகிறார்கள். சில நாட்களில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாய் பிளந்து தவிக்கின்றன. பெரும்பாலும் காரணம், கழிவிலிருந்து சேரும் அம்மோனியா.

அதை நைட்ரைட்டாகவும், பிறகு நஞ்சு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுபவை பாக்டீரியாக்கள். அவை ஃபில்டரில் பெருகி நிலைக்க 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை மீன் வேண்டாம். தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டால், அது அழுகி வெளிவரும் அம்மோனியா பாக்டீரியாக்களுக்கு உணவாகும்.

சின்னத் தொட்டிக்கு ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரே நல்ல தேர்வு. விலை குறைவு, குஞ்சுகளையும் உறிஞ்சாது.

ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவவே கூடாது, குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரில் இரண்டு முறை பிழிந்தால் போதும். பழுப்பு நிறம் அப்படியே இருக்கட்டும். பம்ப்பை இரவில் நிறுத்துவதும் தவறு. அந்த பாக்டீரியாக்களுக்கும் ஆக்சிஜன் வேண்டும்.