கால் மைல் பந்தயத்தில் முன்சக்கரம் ஏன் எழுகிறது?

கால் மைல் ஏறத்தாழ 402 மீட்டர். நின்ற நிலையிலிருந்து அதைக் கடக்கும் டிராக் பந்தயத்தில், வலுவான சாலை பைக்குக்கு முதல் தடை எஞ்சின் அன்று. முன்சக்கரம் தரையை விட்டு எழுவதுதான். பின்டயரை முன்னோக்கித் தள்ளும் விசை தரைமட்டத்தில் செயல்படுகிறது. வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்த ஈர்ப்பு மையமோ அதற்கு மேலே இருக்கிறது. இந்த உயர வேறுபாடு வண்டியைப் பின்பக்கம் கவிழ்க்கப் பார்க்கிறது. எடை அதை எதிர்க்கிறது. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்கு அவ்வளவே முன்னால் இருந்தால், வண்டியின் முடுக்கத்துக்குப் புவியீர்ப்பு முடுக்கமே வரம்பு. அதற்கு மேல் திராட்டிலைத் திருகினால் சக்கரம்தான் எழும். அந்த வரம்பிலேயே கடைசிவரை ஓட முடிந்தால் சுமார் 9 நொடி ஆகும்.

அதனால்தான் சுசுகி ஹயபுசா போன்ற வண்டிகளில் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மை நீட்டுகிறார்கள். முன்ஃபோர்க்கைப் பட்டையால் இழுத்துக் கட்டித் தாழ்த்துகிறார்கள். செலவில்லாத வழி, ஓட்டுநர் டேங்க் மேல் படுத்து முன்னே சாய்வது. கிளட்சை ஒரேயடியாக விடாமல் நழுவவிட்டு வரம்பை ஒட்டியே கிளம்புவதுதான் கடினம். பணம் கொடுத்து வாங்க முடியாததும் அதுவே. வேகம் ஏறியபின் காற்றுத்தடை கூடுகிறது. அங்கே குதிரைத்திறன்தான் பேசும்.