வைக்கோற் போரிலிருந்து மூசை வரையில்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் நாட்டு அடுப்பங்கரை அறிந்த பழமொழி. பானையைப் பொறுத்தவரையில் அஃது உண்மையே. ஏனெனின், பானையிலிட்ட அரிசி ஒரே களத்து நெல்லினின்றும் வந்தது. ஒரே நீரில் வெந்தது. கொதியினாலும் அகப்பையினாலும் மேலும் கீழுமாய்க் கலக்கப்பட்டது. ஆகவே எந்தச் சோற்றை நசுக்கிப் பார்ப்பினும் விடை ஒன்றே. ஆயின் இப்பழமொழியை ஒரு வைக்கோற் போருக்குப் பொருத்திப் பார்ப்போமாயின் பெரிதும் ஏமாறுவோம். போரின் மேற்புறம் வெயிலும் மழையும் பட்டது. நடுப்பகுதி உலர்ந்து பொன்னிறமாயிருப்பது. அடிப்பகுதியோ தரையின் ஈரத்தையும் மண்ணையும் வாங்கியது. ஒரே தாளில் கணு வேறு, கணுவிடை வேறு, இலை வேறு. ஆராய்ச்சிசாலையில் இறுதியாகத் தராசில் ஏறுவது 0.3 கிராம் அளவுள்ள பொடியே. அச்சிறு பொடி போர் முழுவதற்கும் சாட்சி சொல்லவேண்டும். அதனை மெய்ச்சாட்சி ஆக்கும் வழி யாது என்பதையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

கழிவென்று நாம் ஒதுக்கும் வைக்கோல், உமி, கரும்புச் சக்கை, பருத்தி மார், கடலைத் தோல் ஆகியவற்றினின்றும் மின்சாரமும் சாராய எரிபொருளும் ஆக்கும் முயற்சி இன்று பல தேசங்களிலும் நடைபெறுகின்றது. நம் தேசத்தில் அரியானா மாகாணத்துப் பானிப்பட்டில் வைக்கோலினின்றும் எத்தனால் வடிக்கும் ஆலையொன்று 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் தேதி திறந்துவைக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 இலட்சம் டன் வைக்கோலைக் கொண்டு சுமார் 3 கோடி லிட்டர் எத்தனால் பெறுவதென்பது அதன் திட்டம். அவ்வளவு வைக்கோலில் செல்லுலோஸ் நூற்றுக்கு ஒன்று குறைந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். 2,000 டன் செல்லுலோஸ் இல்லையென்றாகும். இரசாயனக் கணக்குப்படி அதனின்றும் கிடைக்கக்கூடியதாகிய ஏறத்தாழ 14 இலட்சம் லிட்டர் எத்தனாலும் இல்லையென்றாகும். மாதிரியைத் தயாரிப்பவன் கையிலே நூற்றுக்கு ஒன்று தவறுவது மிக எளிது. கவனமில்லாதவிடத்து ஐந்தும் தவறும். ஆலை எழுப்புவோரும், வைக்கோலை விற்கும் உழவரும், கடன் கொடுப்போரும் நம்பியிருப்பது இவ்வெண்ணையே.

முதலாவது, எடுக்கும் வகை. போரின் ஓரத்தில் நின்று கைக்கெட்டியதைப் பிடுங்கி வருதல் ஆகாது. மேல், நடு, அடி, உள், புறம் எனப் பலவிடத்தினின்றும் சிறிது சிறிதாக எடுத்து, விரலளவாக நறுக்கி, ஒன்றாய்க் கொட்டவேண்டும். கொட்டும்போது ஒரு விந்தையைக் காணலாம். பருத்த துண்டுகள் குவியலின் சரிவில் உருண்டு ஓரத்தை அடையும். தூளும் துகளும் நடுவிலே தங்கும். ஓரத்தில் ஒரு முறம் வாரினால் பருத்ததே மிகுதியாய் வரும். இதற்காகவே குவியலைத் தட்டையாக்கி, நடுவழியே குறுக்கும் நெடுக்குமாய்க் கோடிழுத்து, நான்கு கூறாக்கி, எதிரெதிரான இரண்டு கூறுகளை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குகின்றனர். ஒவ்வொரு கூறிலும் நடுவும் ஓரமும் ஒப்ப அமைந்திருப்பதே இம்முறையின் நுட்பம். எஞ்சியதை மீண்டும் கலந்து மீண்டும் கூறிட்டு, வேண்டிய அளவு வரும்வரையில் குறைத்துச் செல்லவேண்டும். களத்திலே பாகம் பிரித்துப் பழகிய நம் குடியானவருக்கு இதனைக் கற்பிக்க நெடுநேரம் ஆகாது. புத்தகம் மட்டும் பழகிய மாணவருக்கே சற்று நேரம் வேண்டும்.

அடுத்தது உலர்த்தல். பச்சையாகவோ ஈரமாகவோ உள்ள பொருளைச் சாக்கிலிட்டுக் கட்டி வைத்தால் அது தானே வெப்பமடைகின்றது. பூஞ்சணமும் நுண்ணுயிரும் முதலில் உண்பன அதிலுள்ள சர்க்கரைகளையே. கரும்புச் சக்கையில் ஆலை விட்டுவைத்த சர்க்கரை இவ்வாறே புளித்துப் போகும். நாம் அளக்க விரும்பிய பொருளை நமக்கு முன்னே வேறொருவர் உண்டு முடித்தல் போலாம் இது. ஆதலின் வந்தவுடனே மெல்லிய படலமாகப் பரப்பிக் காற்றில் உலர்த்தவேண்டும். மழைக்காலமாயின் 45 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்துக்கு மேற்படாத அடுப்பிலே வைக்கலாம். நீர் நூற்றுக்குப் பத்துக்குக் கீழே இறங்கினால் அரைப்பதற்குத் தகும்.

விரைவில் முடியவேண்டுமென்று 105 டிகிரியில் வைத்தால் என்னவென்று சிலர் கேட்பர். அவ்வெப்பம் ஈரத்தை அளப்பதற்கு உரியது. தனியே எடுத்த ஒரு சிறு பங்கை அவ்வெப்பத்தில் எடை மாறாநிலை அடையும்வரை வைத்து, குறைந்த எடையைக் கணக்கிட்டு, அப்பங்கை அப்புறப்படுத்திவிட வேண்டும். இரசாயனப் பகுப்புக்குச் செல்லும் பங்கு அச்சூட்டைக் காணலாகாது; கண்டால் நாரின் தன்மை மாறுபடும், ஆவியாகும் பொருள்கள் சில நீங்கும்.

ஈரத்தின் கணக்கை இருமுறை எடுத்தல் வேண்டும்: பொருள் வந்த நிலையில் ஒருமுறை, அரைத்த பொடியில் ஒருமுறை. இரண்டையும் எழுதாத அறிக்கை எத்துணைத் தீங்கு விளைக்கும் என்பதற்குக் கரும்புச் சக்கையே தக்க உதாரணம். ஆலையினின்றும் வெளிவரும் சக்கையில் ஏறக்குறையப் பாதி நீர். முற்றிலும் உலர்ந்த சக்கை ஒரு கிலோ எரிந்து சுமார் 17 மெகாஜூல் வெப்பம் தருமாயின், பாதி நீரோடு கூடிய ஒரு கிலோவினின்றும் கிடைப்பது சுமார் ஏழரையே. மீதி நார் குறைந்ததனாலும் நீரை ஆவியாக்கியதனாலும் போயிற்று. உலர்ந்த சக்கையின் எண்ணை மட்டும் எழுதி, உலர்த்தியதைச் சொல்லாதுவிட்டால், படிப்பவர் இருமடங்குக்கு மேற்பட்ட வெப்பத்தை எதிர்பார்த்துக் கொதிகலத்தை அமைத்துவிடுவர்.

இனி அரைத்தலும் சலித்தலும். கத்திகள் சுழலும் ஆலையில் இட்டு 2 மில்லிமீட்டர்ச் சல்லடை வழியே விழுமாறு அரைப்பது வழக்கம். ஆலை சூடேறும்வரையில் தொடர்ந்து ஓட்டலாகாது. பிறகு, பொடியைச் சல்லடை அடுக்கில் இட்டு மூன்று பங்காக்குவர். அங்குலத்துக்கு 20 கண்ணுள்ள சல்லடையில் தங்கியது மீண்டும் ஆலைக்குச் செல்லும். அதனைக் கடந்து 80 கண்ணுள்ளதில் தங்கியதே பகுப்புக்கு உரியது. இதன் பருமன் 0.85 மில்லிமீட்டருக்கும் 0.18 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்டது. அதனினும் நுண்ணியது தனியே வைக்கப்படும். அமெரிக்க தேசத்துக் கோல்டன் நகரிலுள்ள அரசாங்க ஆற்றல் ஆராய்ச்சிசாலை 2008-இல் வெளியிட்ட செய்முறையும் இவ்வாறே விதிக்கின்றது. அந்த நுண்தூளை ஊதித் தள்ளிவிடுவோர் உண்டு. இது நம் கருத்தில் பெரும் பிழை. மண்ணும் சாம்பற்சத்தும் மிகுதியாய்ச் சேர்வது அந்நுண்தூளிலேதான். அதனை நிறுத்து எடையைக் குறித்து, வேண்டுமாயின் அதன் சாம்பலையும் தனியே அளந்து கணக்கில் சேர்க்கவேண்டும்.

இத்துணை நுட்பமாகப் பருமனை வரையறுப்பது எதற்கு? பகுப்பின் முதற்படியில் 72 சதவீதக் கந்தகத் திராவகத்தில் பொடியை 30 டிகிரியில் ஒரு மணிநேரம் ஊறவைக்கின்றனர். பின்பு திராவகத்தை நீரூற்றி 4 சதவீதமாக்கி 121 டிகிரியில் மேலும் ஒரு மணிநேரம் வேகவைக்கின்றனர். செல்லுலோஸ் முதலியன சர்க்கரையாய்க் கரைய, கரையாது நிற்பது லிக்னின். சுவீடன் தேசத்து அறிஞர் கிளாசான் பெயரால் இது வழங்கும். துகள் பருத்திருந்தால் திராவகம் உட்புகாது. கரையாத செல்லுலோஸும் லிக்னினென்றே எண்ணப்படும். மிக நுண்ணியதாயின், விரைவில் வெளிப்பட்ட சர்க்கரை திராவகத்தாலேயே சிதைந்து கணக்கில் வாராது. மெழுகும் பிசினும் முன்னரே நீக்கப்படாவிடில் அவையும் லிக்னினோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கெனப் பொடியை நீராலும் பிறகு எத்தனாலாலும் வடித்தெடுக்கும் சாக்ஸ்லெட் கருவி, 1879-இல் பாலிலுள்ள கொழுப்பை அளப்பதற்காக அமைக்கப்பட்டதாம்!

மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. வைக்கோல் 100 கிராமில் இயல்பான சாம்பல் 15 கிராம் என்போம். அதனோடு 5 கிராம் மண் ஒட்டிவந்தால் மூசையில் நிற்பது 105-இல் 20. அதாவது நூற்றுக்குப் பத்தொன்பது. இதனைக் கண்ட மாணவர் சிலர் மாதிரியைக் கழுவிவிடத் துணிகின்றனர். இது மண்ணோடு மருந்தையும் கொட்டுதல் போலும். வைக்கோலிலுள்ள பொட்டாசியமும் குளோரினும் நீரில் எளிதிற் கரைவன. கொதிகலத்தில் சாம்பலை உருக்கிப் படியச்செய்து இரும்பை அரிப்பனவும் அவையே. வைக்கோலை எரித்து மின்சாரம் ஆக்கும் டென்மார்க்கில் மழையில் நனைந்து வெளுத்ததைச் சாம்பல் வைக்கோல் என்றும், நனையாததை மஞ்சள் வைக்கோல் என்றும் பிரித்துப் பேசுவர். முன்னதில் அவ்விரண்டும் குறைவாதலின் அஃதே கொதிகலத்துக்கு நல்லது. மாதிரியைக் கழுவியவன் மஞ்சள் வைக்கோலைச் சாம்பல் வைக்கோலாக்கி அறிக்கை எழுதுகின்றான். ஆலையோ மஞ்சளையே வாங்கி எரிக்கப்போகின்றது. ஆகையால் ஒட்டிய மண்ணை உதறலாம், தூரிகையால் நீக்கலாம், நீக்கியதை எழுதலாம். நீரில் நனைத்தல் கூடாது.

முடிந்த பொடியை ஈரம் புகாத புட்டியில் இட்டு மூடி, பயிர் இன்னது, இன்ன ஊர், அறுத்த நாள், மழையில் கிடந்த நாட்கள், எடுத்த இடங்கள், உலர்த்திய வெப்பம், ஒவ்வொரு சல்லடைப் பங்கின் எடை ஆகியவற்றைச் சீட்டில் எழுதி ஒட்டவேண்டும். பொடியிற் பாதியைப் பகுப்புக்கு அனுப்பி, மற்றப் பாதியை முத்திரையிட்டு, நெடுநாள் வைப்பதாயின் பூச்சியத்துக்குக் கீழ் 20 டிகிரிக் குளிரில் வைத்தல் நன்று. எண் ஐயத்துக்கு இடமாகும்போது திறந்து மறுபடியும் அளப்பதற்கு அப்புட்டியே உதவும். அந்த ஆண்டின் போரோ அதற்குள் மாட்டுக்குத் தீனியாய்ப் போயிருக்கும்.